மருமகளின் சுவரொட்டி

தணிகாசலம் கறியை விட்ட செய்தி திருத்தணியில் அவரைத் தெரிந்தவர்களிடையே ஒரு வாரம் ஓடியது. வேறு யாராவது விட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. இவர் தலைக்கறி, கால், குடல், மூளை, ரத்தப் பொரியல் என்று கொம்பையும் குளம்பையும் நீக்கி மிச்ச ஆடு முழுவதையும் தின்றவர். கறி விருந்துக்குப் போனால் பந்திக்குப் போகாமல் நேராக அடுப்படிக்குப் போய் ஈரலை விசாரிக்கிறவர். மலைமேல் இருக்கிற சாமியின் பேரை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு நாக்கு மட்டும் முனீஸ்வரன் நாக்கு என்று அவர் மனைவி கோவிந்தம்மாளே சொல்வாள்.

விட்டதற்குக் காரணம் பேரப்பிள்ளை. மகன் சூர்யபிரகாஷுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம், மருமகள் கவிதாவின் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. ஒரு கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலையேறியபோது, மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலையோடு தணிகாசலம் சன்னதியில் நின்று, யாரும் கேட்காமலே வாய்விட்டுச் சொன்னார். குழந்தை உண்டாகட்டும், உண்டாகி, பிறந்து, இதே மலையில் அதற்கு முதல் மொட்டை போடுகிற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன். மூன்றாவது மாசம் கவிதா குளிக்காமல் இருந்தாள். முருகன் வாக்குத் தவறவில்லை, இனி தவறுவதென்றால் தணிகாசலம்தான் தவற வேண்டும் என்றாகிவிட்டது.

நான்கைந்து மாசம் அவர் தவறவும் இல்லை. டீக்கடையில் அவரை ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் கொஞ்சம் தலையை ஆட்டிச் சிரிப்பார். அந்த மரியாதை அவருக்கு இனித்தது. கோவிந்தம்மாளும் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏற்றுவதை நிறுத்தினாள். வேண்டுதல்காரர் இருக்கிற வீட்டில் கறி வாடை கூடாது என்பது அவள் சட்டம்.

கவிதாவுக்கு ஐந்தாம் மாசம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, “ரத்தம் ஏழரை பாயிண்டுதாம்மா இருக்குது,” என்றாள். ஏழரை என்றதுமே சனியை நினைத்துக் கோவிந்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது கவிதாவின் வயிற்றில் தங்கவில்லை, போட்ட அரைமணியில் வாந்தியாக வந்தது. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று சொல்லிக்கொண்டே வந்த நர்ஸ், கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் சுவரொட்டி கொடுங்கள் என்றாள்.

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கை நீளத்தில், கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி இருக்கும். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பேர். ஆட்டுக்கு ஒன்றுதான். கறிக்கடை வேணு ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிற நாலைந்து ஆட்டுக்கு நாலைந்து சுவரொட்டி. முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு விடியும் முன் போய் நிற்கவேண்டும். சூர்யபிரகாஷ் அம்பத்தூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமையும் முதல் ரயிலைப் பிடிக்கிறவன். கோவிந்தம்மாளுக்கு முட்டிவலி. மிச்சம் யார்?

“முன்ன மாதிரி இருந்தா உங்கள இந்த வேலைக்கு அனுப்பவே மாட்டேன்,” என்றாள் கோவிந்தம்மாள். “ஈரல் வாங்கியாரச் சொன்னா பாதி வழியிலேயே காணாம பூடும். இப்பதான் நீங்க சாமி ஆயிட்டீங்களே. உங்க கையில குடுத்தா பெட்டியில வெச்ச மாதிரி.”

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவர்கள் உண்டு. பூனை விரதம் இருக்கிறது என்று நம்பி வைத்தவள் கோவிந்தம்மாள்தான்.

இன்னொரு ஏற்பாடும் அவளே செய்தாள். வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறக்கூடாது அல்லவா. அதனால் வேணுவிடம் வாங்கின கையோடு, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டிருக்கும் பூவம்மாளிடம் கொடுத்து, கரி நெருப்பில் சுட்டு வாங்கி வரவேண்டும். பூவம்மாள் ஞாயிறு காலையில் இட்லிக்குத் தலைக்கறிக் குழம்பு ஊற்றுகிறவள். ஈரலும் குடலும் வறுத்து வைத்திருப்பாள். வீட்டில் வாடை வரக்கூடாது என்று, வாடை பிறக்கிற இடத்துக்கே புருஷனை அனுப்பிவைத்தாள் புண்ணியவதி.

முதல் ஞாயிறு. பூவம்மாள் சுவரொட்டியைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டினாள். மேல்தோல் சுருங்கி, உள்ளிருந்து ஒரு சொட்டு கரியில் விழுந்து ‘சுர்’ரென்றது. அந்தப் புகை தணிகாசலத்தின் மூக்குக்குள் நுழைந்து நேராக அடிவயிற்றுக்கு இறங்கியது. அவர் திரும்பி நின்று ரயில் தண்டவாளத்தைப் பார்த்தார். பூவம்மாள் அதைத் துண்டு போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி, வாழையிலைக் கிழிசலில் வைத்து நீட்டினாள்.

“உப்பு பாருண்ணே,” என்றாள். அவளுக்கு வேண்டுதல் விஷயம் நினைவில்லை, அல்லது தெரியாது.

ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். விரல் நகத்தளவுதான் இருக்கும். உப்பு சரியாக இருந்தது. உப்புப் பார்ப்பதெல்லாம் தின்பதில் சேராது, சமைக்கிறவள் உப்புப் பார்த்தால் விரதம் முறிந்துவிடுகிறதா என்ன, என்று வழியெல்லாம் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். மீதியைக் கவிதா முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். “ஒமட்டுது மாமா,” என்றாள். “ஒமட்டுனாலும் துன்னும்மா, ரத்தம் ஊறும்,” என்றார் தணிகாசலம். அவர் நாக்கின் அடியில் அந்த மிளகுக் காரம் இன்னும் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு, அப்பத்தைப் பங்கு போட்ட குரங்கின் கதை நடந்தது. ஒரு ஓரம் உப்புக்கு. மறு ஓரம் வெந்ததா என்று பார்க்க. இப்போது ஒரு பக்கம் கோணலாகத் தெரிகிறதே என்று நடுவில் ஒன்று. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பாதிதான். “ஆடு சின்ன ஆடாம்,” என்றார்.

மூன்றாம் ஞாயிறு முழுவதையும் தின்றார். வண்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, யாரோ பிடுங்க வருகிறாற்போல் வேகவேகமாகத் தின்றார். தின்று முடித்த உடனே தெரிந்தது, என்ன செய்துவிட்டோம் என்று. குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். மீசையைக் கழுவினார். வெற்றிலை போட்டார். இந்த ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும், கோபுரம் தெரியும். அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

“கெடைக்கல,” என்றார் கோவிந்தம்மாளிடம். “வேணு ரெண்டு ஆடுதான் வெட்னானாம். முந்தி வந்தவன் வாங்கிகினு பூட்டான்.”

“சொல்லி வெச்சும் குடுக்கலியா? அவன் கடை வெளங்குமா?” என்று கோவிந்தம்மாள் ஒரு பாவமும் அறியாத வேணுவைத் திட்டித் தீர்த்தாள்.

கவிதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். “பரவால்ல மாமா,” என்றாள்.

அந்த வாரம் முழுக்கத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாக இருந்தார். பிள்ளைத்தாய்ச்சியின் வாயில் போகவேண்டியதைத் தின்ற வாய் இது. எந்தக் குழந்தைக்காகக் கறியை விட்டாரோ, அந்தக் குழந்தையின் ரத்தத்துக்கென்று வாங்கினதையே தின்றார். இப்படி ஒரு ஆளைக் கதையில் கேட்டிருந்தால் தூ என்று துப்பியிருப்பார். வெட்கம் என்னவோ நிஜம்தான். ஆனால் நாலாம் ஞாயிறும் அதே சுவர், அதே வாழையிலைக் கிழிசல், அதே வெற்றிலை. வெட்கப்படுகிறவன் திருந்திவிடுவான் என்று யார் சொன்னது?

ஆறாம் மாசம் மறுபடி ரத்தம் பார்க்கப் போனார்கள். கவிதா, கோவிந்தம்மாள், தணிகாசலம் மூவரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். கவிதாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது, ஏறணும்னு பார்த்தா எறங்கிக்கினு இருக்குது. ஏழுதான் இருக்குது. இப்டியே போனா பிரசவத்துல ஒனக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. சுவரொட்டி குடுக்கச் சொன்னேனே, குடுத்தீங்களா இல்லியா?”

கோவிந்தம்மாள் முந்திக்கொண்டாள். “வாராவாரம் வாங்கப் போறாருங்க. ரெண்டு வாரம்தான் கெடைக்கல.”

“அதெப்டி ரெண்டு வாரமா கெடைக்காம பூடுது? எந்தக் கடையில வாங்குறீங்க?”

தணிகாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டார். அடுத்த கேள்வியில் வேணு வருவான், அதற்கடுத்ததில் பூவம்மாள் வருவாள். நெற்றியில் விபூதியோடு நின்ற மனிதர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கிறவர்போலத் திரும்பிக்கொண்டார். அப்போது கவிதா வாயைத் திறந்தாள்.

“எம்மேலதான் தப்பு மேடம். மாமா வாங்கியாந்து குடுத்தாரு. வாடை ஆவாம நாந்தான் பாதிய கொட்டிட்டேன். அத்தை திட்டுவாங்கன்னு சொல்லல.”

நர்ஸ் திட்டினாள். குளுகோஸ் ஏற்றுகிற மாதிரி இரும்புச் சத்து மருந்து ஏற்றவேண்டும், நாளைக்கு வந்து படு, இனிமேலாவது ஒழுங்காகச் சாப்பிடு என்றாள். கோவிந்தம்மாள் அதற்குமேல் திட்டினாள். வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “விடியக்காலையில எழுந்து, வேண்டுதல்ல இருக்கற மனுசன் கவுச்சிய கையில ஏந்திகினு வராரு, நீ சாக்கடையில கொட்றியா? நாலு வருசம் கோயில் கோயிலா அலைஞ்சது இதுக்குத்தானா?” கவிதா தலையைக் குனிந்து நின்றாள். தணிகாசலமும் குனிந்துதான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாத்திரை வாங்கும் வரிசையில் கோவிந்தம்மாள் போய் நின்றபோது, பெஞ்சில் மாமனாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

“ஏம்மா அப்டி சொன்ன?” என்றார்.

கவிதா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “மொத வாரமே தெரியும் மாமா. இந்த மாசத்துல எந்த வாடைன்னாலும் மூக்குக்குத் தெரிஞ்சிடுது. வெத்தலை போட்டா மறையுமா?”

அவர் கை தன்னால் போய் மீசையைத் துடைத்தது.

“உங்க வேண்டுதல் ஒடைஞ்சது அத்தைக்குத் தெரிஞ்சா, புள்ளைக்கு இன்னா ஆவுமோன்னு ராத்திரி பகலா பயந்துகினே கெடப்பாங்க. எனக்கே அந்த பயம் இருக்குது. அதான் சொல்லல. நான் திட்டு வாங்கிக்கறேன், அது ஒண்ணும் பெரிசில்ல.” முந்தானை நுனியை விட்டாள். “இனிமே துன்னாதீங்க மாமா.”

ஒரு சின்னப் பெண், தன்னிடம் இருந்ததைத் திருடினவனிடம், திருடாதே என்று கெஞ்சுகிறாள். அறைந்திருந்தால் தணிகாசலத்துக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “ஆங்,” என்றார்.

மறுநாள் கவிதாவைப் படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். அந்த வாரமே பள்ளிப்பட்டிலிருந்து அவள் அம்மா, விஷயம் கேள்விப்பட்டு, பை நிறைய முருங்கைக்கீரையும் வேர்க்கடலையுமாக பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

ஞாயிறு விடியற்காலை தணிகாசலம் வேணு கடையில் முதல் ஆளாக நின்றார். பச்சைச் சுவரொட்டியை இலையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரயில்வே கேட் பக்கமே போகாமல் சுற்று வழியாக வீட்டுக்கு வந்தார். “இங்கயே சுடுங்க, பின்னால கல்லு வெச்சி,” என்றார். கோவிந்தம்மாள் முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு கொல்லைதானே, வீட்டு அடுப்பில்லையே என்று சமாதானமானாள். கவிதாவின் அம்மா மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி மூட்டி, பக்குவமாகச் சுட்டாள். தணிகாசலம் வாசலில் போய் நின்றுகொண்டார். புகை அங்கேயும் வந்தது.

சுட்டதைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கவிதாவின் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்த கையோடு அம்மாக்காரி ஆரம்பித்தாள்.

“ஒனக்கு இன்னாடி அவ்ளோ கொழுப்பு? எங்க ஊட்லன்னா ஈரலக் கண்ணால பார்ப்பியா நீ? இங்க தேடிகினு வந்து குடுக்கறாங்க, கொட்றியாம். புள்ளைக்கு ஏதாவது ஆச்சின்னா எந்த மூஞ்சிய வெச்சிகினு இவங்க முன்னால நிப்பேன் நான்?” பிறகு வாசற்படியில் நின்ற தணிகாசலத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினாள். “நீங்க மனசுல வெச்சிக்காதீங்கண்ணே. கவுச்சி வாடையே ஆவாத வேண்டுதல்ல இருந்துகினு, எம்பொண்ணுக்காக…”

கவிதா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. கூப்பிய அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அவ கொட்டல,” என்றார். “நாந்தான் துன்னேன்.”

கவிதா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கோவிந்தம்மாள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கேட்டீங்களா சம்பந்தி? மருமவள ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது இவுருக்கு. பழிய தூக்கித் தன் தலையில போட்டுக்குவாரு. சாமிக்கு முன்னால கறிய விட்ட மனுசன், வாயில வர வார்த்தையப் பாரு.”

“இல்ல, நெசமாத்தான் சொல்றேன்—”

“போதும், சும்மா இருங்க. பலிச்சிடப் போவுது.”

கவிதாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னப் பெத்த அப்பாகூட எனக்காக இப்டி நின்னதில்லண்ணே,” என்றாள்.

பூவம்மாளைக் கேட்டுப் பார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரயில்வே கேட் ஒன்றும் காசி தூரத்தில் இல்லை. பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கவிதாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. சொன்னால் கோவிந்தம்மாள் பிரசவம் வரைக்கும் பயந்தே செத்துவிடுவாள், கவிதாவுக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன், என்று உள்ளே வக்கீல் எழுந்து நின்றார். உப்புப் பார்த்த அன்றைக்கு வந்த அதே வக்கீல்தான். தணிகாசலத்துக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பேரை விழுங்கிவிட்டார்.

“இனிமே இவள நம்பி வுட முடியாது,” என்றாள் கோவிந்தம்மாள். “நீங்களே எதிர்ல குந்துங்க. கடைசித் துண்டு வயித்துக்குள்ள போற வரைக்கும் கண்ண எடுக்காதீங்க. அவ கொட்டுனா கூப்புடுங்க.” இப்படிக் காவலை நியமித்துவிட்டு, சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு கீரை ஆயப் பின்பக்கம் போனாள்.

தணிகாசலம் ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். கவிதா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மென்றாள். தட்டில் இன்னும் ஏழெட்டுத் துண்டு இருந்தது. நெருப்பில் கறுத்த ஓரம், உள்ளே சிவந்த நடு, மேலே நொறுங்கின மிளகு. அவர் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. பார்வை தட்டுக்கே வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இத்தனை பேர் கை கூப்பிய பிறகு, அவர் வாயில் எச்சில் ஊறியது. ஊறிக்கொண்டே இருந்தது. அடக்கிப் பார்த்தார், கடைசியில் விழுங்கத்தான் வேண்டியிருந்தது. வேறு ஆளில்லாத அந்தக் கூடத்தில் அவர் தொண்டை அசைந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

கவிதா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் இருந்த தட்டை மெல்ல வயிற்றோடு சேர்த்து இழுத்து, இடது கையை அதன்மேல் வளைத்து வைத்துக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்தாள்.